எழுபது வந்தால் வெள்ளிக்கிழமை

ஜெனோவா மேடம் இரண்டு பட்டைகளை மேசைமேல் வைத்தார். ஒரு பக்கம் பார்த்தால் வளையல் மாதிரி இருந்தன. இன்னொரு பக்கம் பார்த்தால் கைவிலங்கு மாதிரி இருந்தன.

"இதுக்குப் பேரு துணை," என்றார். "நாடி, வேர்வையில உள்ள உப்பு, குரல் நடுக்கம், மூணையும் பாக்கும். பாத்துட்டு ஒரு நம்பர் சொல்லும். மன அமைதி நூத்துக்கு எவ்வளவுன்னு."

ஆவுடையப்பன் ஒரு பட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் எடையளவுப் பிரிவில் முத்திரை ஆய்வாளர். பாளையங்கோட்டையில் அவன் கை படாத தராசில் ஒரு கத்திரிக்காயைக்கூட நிறுக்க முடியாது.

"இதச் சரிபார்த்து முத்திரை வச்சது யாரு மேடம்?"

"ஏங்க," என்றாள் நித்யகல்யாணி.

"இல்ல, சும்மா கேட்டேன்."

அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். புதுத்துளிர் கருத்தரிப்பு மையத்துக்கு வரத் தொடங்கி மூன்று வருடம். மூன்று முறை கரு வைத்தார்கள். மூன்று முறையும் தங்கவில்லை. மையத்தின் குளிர்கலத்தில் அவர்களுடைய கரு இன்னும் ஒன்றே ஒன்று இருந்தது. அதை இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை வைப்பதாக ஏற்பாடு. அதற்கான ஊசிகளைக் கல்யாணி போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தாள்.

ஜெனோவா மேடம் மையத்தின் மனநல ஆலோசகர். "நாலாவது தடவை வர்றவங்களுக்கு மட்டும் புது விதி," என்றார். "பதினாலு நாள் ரெண்டு பேரும் இதக் கட்டணும். ரெண்டு பேருக்கும் சராசரி எழுபது வந்தா வெள்ளிக்கிழமை வைக்கலாம்."

"வரலேன்னா?"

"மூணு மாசம் தள்ளும். ஊசி எல்லாம் முதல்லருந்து."

கல்யாணி ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். "கவலைப்பட்டா கரு தங்காதுன்னு யாரும் நிரூபிக்கல மேடம். நான் தேடிப் படிச்சிருக்கேன்."

"நானும் படிச்சிருக்கேன். இது கருவுக்காகப் போட்ட விதி இல்லம்மா. ஆளுக்காகப் போட்டது. மூணு தடவை தோத்து நாலாவதும் தோத்தா, சில பேர் படுக்கைய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்காங்க. அதனால நிதானமா இருக்கிறப்ப மட்டும் வைக்கலாம்னு மேல முடிவு பண்ணிருக்காங்க."

"நிதானமா இல்லேன்னா மூணு மாசம் தண்டனைன்னு சொன்னா, நிதானம் எங்கேருந்து வரும்?"

"அதை நானும் மேல கேட்டேன்," என்றார் ஜெனோவா மேடம்.

பட்டையின் பூட்டு உரியவரின் கட்டைவிரலுக்கு மட்டும் திறக்கும். காலையில் ஒரு தடவை திறந்து மாட்டினால், கட்டியிருப்பது அவர்தான் என்று மாலைவரை நம்பிக்கொண்டிருக்கும். தினம் கால் மணி நேரம் அது பேசும், கேள்வி கேட்கும். பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களில் சிலவற்றைக் கடைசி நாள் இருவருக்கும் வாசித்துக் காட்டுவார்கள். சம்மதம் என்று பதினேழு பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் போட்டார்கள்.

"இன்னொரு வழியும் விதியில இருக்கு," என்றார் ஜெனோவா மேடம். "பட்டையோட என் முன்னால ஒரு மணி நேரம் உக்காரணும். ரெண்டு பேரும் எழுபதுக்குக் கீழ இறங்கக் கூடாது. அது போதும்."

"இப்பவே உக்காந்துருவோமே," என்றான் ஆவுடையப்பன்.

"இதுவரைக்கும் ஒரு ஜோடிகூடத் தாண்டல. என் முன்னால வந்தா எல்லாரும் நல்ல பிள்ளையா உக்காந்துருவாங்க. நல்ல பிள்ளையா உக்காந்தா நம்பர் நாப்பதைத் தாண்டாது."

அன்று மாலை அவனுக்கு முப்பத்தொன்று. அவளுக்கு இருபத்தெட்டு.

"ஒன்பதாம் கிளாஸ்ல இந்த மார்க் எடுத்தா அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லுவேன்," என்றாள் கல்யாணி.

மறுநாள் மூன்றாவது பாடவேளை. கரைசல்கள் பாடம். கடைசி பெஞ்சில் யாரோ பூனை மாதிரி கத்தினார்கள். கல்யாணி திரும்பினாள். அவள் கையிலிருந்த பட்டை அதிர்ந்தது. செய்தி வாசிப்பவரின் தெளிவான பெண் குரலில் வகுப்பு முழுவதும் கேட்கும்படி பேசியது.

"உங்கள் அமைதி பத்தொன்பது. மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்."

ஐம்பத்திரண்டு பேரும் இழுத்தார்கள்.

"பிடித்து வையுங்கள்."

பிடித்து வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வராந்தாவில் வந்து நின்றார். ஒரு வகுப்பு மொத்தமும் கன்னம் உப்பி உட்கார்ந்திருப்பதை அவர் இருபத்தாறு வருட சர்வீசில் பார்த்ததில்லை.

அதே நேரம் ஆவுடையப்பன் மீன் சந்தையில் இருந்தான். ஒரு மீன்காரம்மா தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் அவன் பரம்பரையை விசாரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"உங்கள் அமைதி பதினாறு," என்றது பட்டை. "கண்களை மூடி, உங்களுக்குப் பிடித்த இடத்தைக் கற்பனை செய்யுங்கள்."

"செய்யுங்க சார்," என்றாள் மீன்காரம்மா. "நாங்க இங்கனதான் இருப்போம்."

வீட்டில் இரண்டு பேரும் மிகவும் கவனமாக நடந்துகொண்டார்கள். மனம் கலங்கும்படி எதையும் பேசுவதில்லை என்று முடிவு. மழை வருமா என்று பேசினார்கள். டிரைவர் இல்லாத டவுன் பஸ் இன்றைக்கும் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றதைப் பேசினார்கள். பிறகு பேச ஒன்றும் இல்லை. உண்மையில் இரண்டு வருடமாகவே இல்லை. சாப்பிட்ட தட்டுகளை ஓசைப்படாமல் கழுவினார்கள். பட்டை அதையெல்லாம் அமைதி என்று ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது, இருபத்தேழு.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஆவுடையப்பன் நடைக்குப் போகிறேன் என்று கிளம்பி, எதிர்வீட்டுக் கனி மெஸ்ஸுக்குள் நுழைந்தான்.

மெஸ் நடத்துகிறவள் செல்லக்கனி. தெருவில் எல்லாருக்கும் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. போன மழைக்கு மெஸ் கூரையிலிருந்து ஓட்டுத்துண்டு ஒன்று இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு எழுந்து ஓடினார்கள். அக்கா கொப்பரையை இரண்டடி தள்ளி வைத்துவிட்டு அடுத்த ஈடு ஊற்றினாள்.

அவளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. யார் என்ன தின்றார்கள் என்பதை வீட்டில் இருக்கும் மற்றவரிடம் சொல்ல மாட்டாள். மையம் கொடுத்த உணவுப் பட்டியலில் இனிப்பு கிடையாது. ஆவுடையப்பன் தினம் நடந்துபோய் வருவது அக்கா கடை முந்திரிக்கொத்து வரைக்கும்தான் என்பது கல்யாணிக்குத் தெரியாது. கல்யாணி பள்ளிக்கூடப் பையில் இரண்டு முந்திரிக்கொத்து மடித்துக்கொண்டு போவது அவனுக்குத் தெரியாது. "மெஸ்காரி வாய் 'இன்னும் வைக்கட்டா'ன்னு கேக்க மட்டுந்தான்," என்பாள் அக்கா.

"அக்கா, இது ஆபீஸ்ல குடுத்த புது மிஷின்," என்றான் ஆவுடையப்பன். "நிதானமான ஆளு கையில கட்டிச் சோதிச்சுப் பாக்கணும். பன்னெண்டு நாளு. கல்யாணிக்குத் தெரிய வேண்டாம்."

"கரண்ட் அடிக்குமா?"

"அடிக்காது. மூணரை மணிக்குப் பேசும். என்ன பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் 'ம்'னு சொல்லுங்க. குரல் வித்தியாசமா இருக்கேன்னு கேட்டா ஜலதோஷம்னு சொல்லுங்க."

அக்கா இடது கையை நீட்டினாள். அவன் கட்டைவிரலை வைத்துப் பூட்டைத் திறந்து அவள் கையில் மாட்டினான்.

எட்டேகால் மணிக்குக் கல்யாணி வந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். முடியாதுன்னா சொல்லிருங்க." அவள் உண்மையைச் சொன்னாள். எழுபது, வெள்ளிக்கிழமை, மூன்று மாதம், ஊசி. "இன்னொரு தடவை அந்த ஊசி எல்லாம் என்னால முடியாதுக்கா. அவுகளுக்கு மட்டும் தெரியக் கூடாது. நேர்மையான ஆளு. தராசுல அரை கிராம் மாறினாலும் விட மாட்டாக. மனசு கஷ்டப்படும்."

அக்காவின் இடது கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"கையில என்னக்கா?"

"இட்லி ஆவி அடிச்சிட்டு டீச்சர். வலது கையில கட்டுங்க."

அப்படியாகப் பன்னிரண்டு நாள். காலை ஏழு மணிக்கு இடது கை. எட்டேகாலுக்கு வலது கை. மாலை ஐந்துக்குக் கல்யாணி வந்து தன்னுடையதைக் கழற்றிக்கொள்வாள். ஆறரைக்கு ஆவுடையப்பன். கல்யாணி வரும்போது மட்டும் இடது கையில் துணி. ஆறாம் நாளும் புண் ஆறாததைப் பார்த்துக் கல்யாணி ஒரு தீப்புண் களிம்பு வாங்கிவந்து கொடுத்தாள். அக்கா அதை வாங்கி உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தாள். அங்கே தெருக்காரர்களின் ரகசியங்களுக்கு இடம் இருந்தது.

மூன்று மணிக்கு மெஸ்ஸில் கூட்டம் இருக்காது. முதல் நாள் அந்த நேரத்தில் அக்காவின் வலது கை அதிர்ந்தது.

"வணக்கம் நித்யகல்யாணி. இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

"இருக்கேன். ஏ பிள்ள, நீ சாப்ட்டியா?"

"நான் ஒரு கருவி. எனக்கு உணவு தேவையில்லை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. மூணு மணி ஆயிட்டு. ஏதாவது வாயில போட்டுட்டு வந்து பேசு."

கருவி அடுத்த கேள்விக்குத் தாவியது. அதற்குக் கொடுத்திருந்த பயிற்சியில் இதற்குப் பதில் இல்லை.

"உங்களுக்குப் பயம் வரும்போது என்ன செய்வீர்கள்?"

"என்ன செய்ய? சாப்ட்டுட்டுப் பயப்படுவேன். வெறும் வயித்துல பயந்தா கிறக்கம்லா வரும்."

"குழந்தை இல்லாததைப் பற்றி யாரிடமாவது மனம் விட்டுப் பேசியிருக்கிறீர்களா?"

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கும் பிள்ளை இல்லை. கணவர் இறந்து ஒன்பது வருடம். கல்யாணமான மறுமாதத்திலிருந்து எல்லாரும் விசேஷம் உண்டா என்று கேட்டார்கள். வயது ஏறியதும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"இல்ல பிள்ள," என்றாள். "நீ கேளு. சொல்லுதேன்."

அன்று கால் மணி நேரம் போதவில்லை. மூன்றரைக்கு இடது கை அதிர்ந்து, "வணக்கம் ஆவுடையப்பன்," என்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

இருபதாம் தேதி புதன்கிழமை, இருவரும் அவரவர் பட்டையை அவரவர் கையில் கட்டிக்கொண்டு ஜெனோவா மேடம் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகளாக. சுவரில் இருந்த சிறிய திரையில் இப்போதைய எண்கள் தெரிந்தன. முப்பத்து மூன்று, முப்பது.

"சராசரி ரெண்டு பேருக்கும் எண்பத்து நாலு," என்றார் ஜெனோவா மேடம்.

ஆவுடையப்பன் திடுக்கிட்டான். கல்யாணிக்கும் எண்பத்து நாலா? கல்யாணி அவனைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கா?

"முதல் ரெண்டு நாள் முப்பது. மூணாம் நாளு தொண்ணூத்து மூணு. நடுவுல என்ன நடந்துச்சு?"

"தியானம்," என்றான் ஆவுடையப்பன்.

"நடைப்பயிற்சி," என்றாள் கல்யாணி, அதே நேரத்தில்.

"ம். இன்னொண்ணு. ரெண்டு பட்டையும் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அதுவே குறிச்சுக்கிடும். தினமும் காலையில எட்டேகால்லருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் ரெண்டும் ஒரு முழத்துக்குள்ள இருந்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் லீவா?"

திரையில் இருபத்தாறு, இருபத்து நாலு.

"சார், ஜலதோஷம் எப்படி இருக்கு?"

"எனக்கா? ஆங். இப்பப் பரவாயில்ல மேடம்."

"பன்னெண்டு நாளா இருந்துச்சே. அதோட, நீங்க கருவிய 'ஏ பிள்ள'ன்னு கூப்பிடுறீங்க. அது சாப்ட்டுச்சான்னு தினமும் கேக்குறீங்க. இரக்க குணம் மிக அதிகம்னு அது குறிப்பு எழுதிருக்கு."

கல்யாணி கணவனைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"சரி, பதில்கள வாசிக்கேன். ரொம்ப வலிச்ச சமயம் எதுன்னு கேள்வி. இது ஆவுடையப்பன் சார் பட்டையில பதிஞ்சது." ஜெனோவா மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "'வளைகாப்பு வீட்டுல ஒவ்வொருத்தரா கூப்பிட்டு வளையல் போடச் சொல்லுவாக. நம்ம முறை வரும்போது மட்டும் நம்ம தலைக்கு மேல பாத்து அடுத்த ஆளக் கூப்பிடுவாக. கையில சந்தனத்தத் தொட்டு வச்சிருப்போம். அந்தச் சந்தனத்த என்ன செய்யன்னு தெரியாது.'"

கல்யாணியின் கை சேலைத் தலைப்பைத் தேடியது. போன தை மாதம் அவனுடைய தங்கையின் வளைகாப்பில் அவளுக்கும் இதுவேதான் நடந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சந்தனத்தைக் கைப்பிடிச் சுவரில் தேய்த்துவிட்டு வந்தாள்.

"நீங்க அதப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "பாத்துட்டுத்தான் ஒண்ணும் சொல்லாம இருந்தீங்களா? நான் என்னமெல்லாம் நினைச்சிட்டு இருந்தேன்."

ஆவுடையப்பன் அதைப் பார்க்கவில்லை. அவன் அப்போது பந்தியில் இருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டு வருடத்தில் அவள் அவனை இப்படிப் பார்த்ததில்லை.

"இதையும் கேளுங்க," என்றார் ஜெனோவா மேடம். "இது கல்யாணி பட்டையில. 'அவுக அழுறது எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. குளிக்கப் போனா ஒரு மணி நேரம் ஆகும். தண்ணிச் சத்தத்துல அழுவாக. கண்ணு சிவந்திருக்கேன்னு கேட்டா சோப்பும்பாக. நானும் சோப்ப மாத்தி மாத்தி வாங்கி வச்சேன். வேற என்ன செய்ய?'"

ஆவுடையப்பன் எழுந்து நின்றுவிட்டான். "உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"குழாயத் திறந்து விட்டுட்டு..."

"நீங்க அழுதீங்களா?" என்றாள் கல்யாணி.

"நீதான சொல்லிருக்க?"

"நான் சொல்லல."

அவன் உட்கார்ந்தான். அவனுக்குள் இருந்த முத்திரை ஆய்வாளர் கடைசியில் வென்றார். "வளைகாப்ப நானும் சொல்லல," என்றான். "பாக்கவும் இல்ல."

"அப்ப யாரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் சொன்னார்கள். "செல்லக்கனி அக்கா."

"உங்க பட்டையவும் அவங்ககிட்டயா..." என்று ஆரம்பித்தாள் கல்யாணி. "அந்தக் கை! ஆவி அடிச்சிட்டுன்னு நான் களிம்பு வாங்கிக் குடுத்தேன்!"

"நேர்மையா இருக்கணும்னு ஊருக்கே சொல்லுத ஆளுதான் நானும். என்ன செய்ய? நீ ஊசி போட்டுட்டு வலிக்கலன்னு சொல்லுவ. அதக் கேக்க முடியல. இன்னொரு மூணு மாசம் அதக் கேக்க முடியாதுன்னுதான் குடுத்தேன்."

"வலிக்குதான்னு நீங்க கேட்டாத்தான? பஞ்சுல ஸ்பிரிட்டத் தொட்டுக் குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவீங்க!"

"பாக்க முடியாமத்தான் திரும்பினேன்!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உங்க முதுகுல எழுதியிருக்கா? வளைகாப்புல நான் அங்க நிக்கேன், நீங்க பந்தியில ரெண்டாம் தடவை பாயசம் கேட்டுட்டு இருந்தீங்க!"

"பாயசம் கேட்டது தப்பா? ரெண்டாவது தடவை கரு தங்கலன்னு சொன்ன அன்னைக்கு நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிட்ட! பரீட்சை நடத்தப் போறேன்னு! நான் லீவு போட்டுட்டு வீட்டுல குழாயத் திறந்துவிட்டுட்டு..."

"அதான் அன்னைக்குத் தொட்டி காலியாச்சா? மோட்டார் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க!"

"அது பொய்தான்!"

"மோட்டார்காரன் ரெண்டு தடவை வந்து பிரிச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கான்னு சத்தியம் பண்ணிட்டுப் போனான்! நான் அவனத் திட்டுனேன்!"

வெளியே வரவேற்பறையில் காத்திருந்தவர்கள் கதவைப் பார்த்தார்கள். அப்போது கல்யாணியின் பட்டை அதிர்ந்தது.

"உங்கள் அமைதி எழுபத்தொன்று. வாழ்த்துகள்."

இருவரும் சண்டையை நிறுத்தினார்கள். ஆவுடையப்பன் தன் கையைப் பார்த்தான். எழுபத்து மூன்று.

"இது கெட்டுப்போச்சு மேடம்," என்றான். "அன்னைக்கே முத்திரை யாருதுன்னு கேட்டேன்."

"கெடல. அது சத்தத்தப் பாக்காது. நடுக்கத்தத்தான் பாக்கும்." ஜெனோவா மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து இருபது. "நிறுத்தாதீங்க. ஒரு மணி நேரம் வேணும்."

"என்ன நிறுத்தாதீங்க?"

"சண்டைய."

போட்டார்கள். முதல் இருபது நிமிடம் சிரமமே இல்லை. அவனுடைய அம்மா வந்தது, அவளுடைய அப்பா வராதது, மூன்றாவது முறை தோற்ற வாரம் அவன் யாரிடமும் கேட்காமல் தொட்டிலை விற்றது, அதை விற்ற இடத்திலேயே அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அந்தக் கடைசி விஷயத்தில் இருவரும் அழுதார்கள். எண் எழுபத்தாறுக்கு ஏறியது.

முப்பத்தைந்தாவது நிமிடம் சரக்கு தீர்ந்துவிட்டது.

"மேடம், இனிமே ஒண்ணும் இல்ல," என்றான் ஆவுடையப்பன்.

"யோசிங்க சார். வெள்ளிக்கிழமை."

"நீ... நீ பேஸ்ட்டை நடுவுல அமுக்குத."

"ஆமா, அமுக்குவேன்," என்றாள் கல்யாணி. சிரிப்பு வந்துவிட்டது. எண்பது.

பிறகு கல்யாணிக்குப் பசித்தது. பையிலிருந்து இலையில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து அதேபோல் ஒன்றை எடுத்தான். இரண்டிலும் முந்திரிக்கொத்து. மையத்தின் உணவுப் பட்டியல் ஜெனோவா மேடத்தின் தலைக்கு மேலேயே சுவரில் ஒட்டியிருந்தது. அவர் கை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். மூவரும் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மீதி நேரம் அப்படியே கழிந்தது. பதினொன்று இருபதுக்கு ஜெனோவா மேடம் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் மேடம்?" என்று கேட்டாள் கல்யாணி.

"மூணாம் நாளே. ரெண்டு பட்டையிலயும் நாடி ஒண்ணுபோல இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டி எவ்வளவு ஒத்துப்போனாலும் இருதயம் அப்படி ஒத்துப்போகாது. ரெண்டும் ஒரே ஆளுன்னு புரிஞ்சிருச்சு."

"அப்பவே நிறுத்தியிருக்கலாமே?"

"போனை எடுத்தேன். எடுத்துட்டு, அந்தப் பதில்கள வாசிச்சேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரோ ஒருத்தங்க தன்னோட சொந்த வலிய முதல் தடவையாப் பேசிட்டு இருந்தாங்க. பாதியில நிறுத்த மனசு வரல."

அன்று மதியம் ஜெனோவா மேடம் அவர்களோடு கனி மெஸ்ஸுக்கு வந்தார். மூன்று பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்தாள். பழக்கம்.

"தெரிஞ்சு போச்சுக்கா," என்றான் ஆவுடையப்பன்.

"நான் சொல்லல தம்பி."

"நீங்க சொல்லலக்கா. எல்லாத்தையும் சொல்லிட்டீங்க."

அக்காவுக்கு அது விளங்கவில்லை. "வெள்ளிக்கிழமை உண்டா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

"உண்டுக்கா."

"அப்ப சரி. இலை போடுதேன், உக்காருங்க." இரண்டு அடி நடந்துவிட்டு நின்றாள். "அந்தப் பிள்ள இனிமே மூணு மணிக்கு வராதோ?"

ஜெனோவா மேடம் பையிலிருந்து மூன்றாவது பட்டை ஒன்றை எடுத்தார். அதோடு ஒரு படிவம். பெயர் என்ற இடத்தில் செல்லக்கனி என்று எழுதினார். சிகிச்சைக்கு வந்த காரணம் என்ற இடத்தில் சற்று யோசித்துவிட்டு, 'வரத் தாமதமாகிவிட்டது' என்று எழுதினார். அக்கா பென்சில் குறி இல்லாமலேயே சரியான இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை கரு வைத்தார்கள். தங்கியதா என்று தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆகும்.

திங்கட்கிழமை கல்யாணி வீட்டில் இருந்தாள். முடிவு தெரியும்வரை கட்டியிருக்கச் சொன்ன பட்டை இப்போது அவள் கையிலேயே இருந்தது. எண் தெரியும் சிறு கண்ணாடியின்மேல் ஆவுடையப்பன் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் தன் அலுவலக முத்திரையையும் குத்திவிட்டிருந்தான். மூன்று மணி. எதிரே மெஸ்ஸில் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து தன் இடது கையோடு பேசிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பட்டை அதிர்ந்தது. அதே செய்தி வாசிக்கும் குரல்.

"ஏ பிள்ள, சாப்ட்டியா?"

கல்யாணி கையை உற்றுப் பார்த்தாள். உடனே ஜெனோவா மேடத்தை அழைத்தாள்.

"அது பேசப் பேசக் கத்துக்கிடும்மா," என்றார் அவர். "சனிக்கிழமையிலருந்து மையத்துல உள்ள நூத்திப் பன்னெண்டு ஜோடிகிட்டயும் அப்படித்தான் கேக்குது. ரெண்டு பேரு புகார் குடுத்திருக்காங்க. மத்தவங்க அழுதுட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க. மேலருந்து, சரி பண்ணவான்னு கேட்டாங்க. என்னத்தச் சரி பண்ணன்னு கேட்டேன்."

போனை வைத்தாள். பட்டை காத்துக்கொண்டிருந்தது.

"இல்ல," என்றாள் கல்யாணி. "சாப்பிடல. பயமா இருக்கு."

"சாப்ட்டுட்டுப் பயப்படு," என்றது கருவி.